பாடு இல்லாத நாட்கள்

2016-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் கடைசி வாரம். பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டு ஏறத்தாழ இருபது நாட்கள் ஆகியிருந்தன. உபதேசியாருக்கும் கோவில் பணியாளருக்கும் மாதச் சம்பளம் எடுப்பதற்காக நாம் பொன்னேரிக்குச் சென்று, வங்கி வாசலில் வரிசையில் நின்றோம். நண்பகலுக்கு முன்பே பணம் தீர்ந்துவிட்டதென்று கதவைச் சாத்திவிட்டனர். சென்னையில் வேறோர் அலுவல் இருந்தமையால் அங்கிருந்து இரயில் நிலையத்திற்குச் சென்றோம்.

நடைமேடையின் கோடியில் ஒரு பலகையில் நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் அமர்ந்திருந்தார். சென்ட்ரிங் வேலை செய்பவர். வயது நாற்பதை நெருங்கும். அருகே மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கேரியர் திறந்திருந்தது. நம்மைக் கண்டதும் எழுந்து நின்றாரேயன்றி நம் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னப்பா, இன்று வேலை இல்லையா?" என வினவினோம்.

"வேலை நின்னு பதினஞ்சு நாளாச்சு, சாமி. வீட்ல சொல்லல. காலைல முதல் பஸ்ஸுக்கு எப்பவும் போல கிளம்பி வந்துடுறேன். சாயங்காலம் எப்பவும் போல திரும்பிடுறேன்."

சற்று நேரம் கழித்து, தண்டவாளத்தைப் பார்த்தபடியே, "போட் இருந்திருந்தா இந்நேரம் ஏரில இருந்திருப்பேன்" என்றார்.

அதை அவர் குற்றச்சாட்டாகக் கூறவில்லை. ஆயினும் அச்சொல் நம்மைத் தைத்தது. முந்திய ஆண்டுக் கோடையில் அந்தப் படகை விற்றுவிடுமாறு அவருக்கு ஆலோசனை கூறியவர் நாமே. அப்போது முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தது. கடல்நீர் ஏரிக்குள் வராமையால் மீன்பாடு குன்றியிருந்தது. வட்டிக்குக் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றார். கட்டட வேலையிலோ சனிக்கிழமை தவறாமல் கூலி வந்துகொண்டிருந்தது. "நிலையான வேலை கிடைத்தபின் ஏரியை ஏன் நம்பிக்கொண்டிருக்கிறீர்? படகையும் எஞ்சினையும் கொடுத்துக் கடனைத் தீர்த்துவிடும்" என்றோம். பூந்தமல்லிக் குருமடத்தில் தத்துவமும் இறையியலும் கற்றோம். கட்டடத் தொழிலில் நிலையான வேலை என்றொன்று உண்டா என ஒரு கொத்தனாரைக் கேட்டறிய மட்டும் நமக்குத் தோன்றவில்லை.

அப்பகுதியை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது கூற வேண்டும். பழவேற்காட்டிற்குத் தெற்கே எண்ணூர் வரையிலான கரையில் கடந்த முப்பதாண்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாகப் பெருங்கட்டுமானங்கள் எழுந்தன. வட சென்னை அனல்மின் நிலையம், 2001-இல் திறக்கப்பட்டு இன்று காமராசர் துறைமுகம் எனப்படும் எண்ணூர்த் துறைமுகம், வல்லூர் அனல்மின் நிலையம், காட்டுப்பள்ளித் துறைமுகம் எனப் பட்டியல் நீளும். குப்பங்களிலிருந்து இளைஞர்கள் கம்பி கட்டவும், சென்ட்ரிங் பலகை அடைக்கவும், பற்றவைப்பு வேலைக்கும் சென்றனர். பெண்கள் சித்தாளாயினர். அங்கு வேலை குறைந்த நாட்களில் மீஞ்சூர், பொன்னேரி, செங்குன்றம் பக்கத்து அடுக்குமாடிக் கட்டடங்களுக்குச் சென்றனர்.

இத்தொழிலின் இயல்பு யாதெனில், தன் வேலையைத் தன் கையாலேயே முடித்துவைப்பது. நெசவாளி ஒரு சேலையை முடித்தால் அடுத்த பாவு தறியில் ஏறும். கட்டடத் தொழிலாளி கூரையை முடித்தால் வெளியேற வேண்டியவனாகிறான். அனல்மின் நிலையம் ஒன்றைக் கட்ட ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். அதை ஓட்டுவதற்குச் சில நூறு பேர் போதும். உலை மூட்டப்படும் நாள், அதைக் கட்டியவர்களுக்கு வேலை போகும் நாள்.

சட்டமும் இதனை அறிந்தே வைத்திருந்தது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், ஆட்குறைப்புச் செய்யும்போது ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டிற்கும் பதினைந்து நாள் சராசரி ஊதியமும் தர வேண்டுமென விதித்தது. ஆனால் கட்டடம், பாலம், சாலை, அணை போன்றவற்றைக் கட்டுவதற்கென்றே தொடங்கிய நிறுவனம், இரண்டு ஆண்டுக்குள் வேலையை முடித்து மூடினால் அந்த இழப்பீடு தர வேண்டியதில்லை என்று அச்சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. இதை நமக்கு எடுத்துக் காட்டியவர் பொன்னேரி நீதிமன்றத்தில் தொழில் செய்த ஓர் இளம் வழக்கறிஞர். அதிலும், மேஸ்திரியின் கீழ் மேஸ்திரி, அவருக்குக் கீழ் இன்னொருவர் என இருக்கையில், நம்மவர் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறதென்றே தெரியாது. இழப்பீடு கேட்கச் செல்பவன் தான் அங்கு வேலை செய்ததையே முதலில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

அன்று மாலை அவரைத் தனியே வீட்டிற்கு அனுப்ப மனமில்லாமல் நாமும் உடன் சென்றோம். அவர் மனைவி கேட்டுக்கொண்டு வெகுநேரம் பேசாதிருந்தார். வேலை போனதற்காக அவர் அழவில்லை. "வேலையில்லாத ஆளுக்கு எதுக்கு சாமி நான் விடியக்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சுச் சோறாக்கினேன்?" என்பதே அவர் கேட்ட முதற்கேள்வி. அதற்கு நம்மிடமும் விடையில்லை.

அதன்பின் வந்த நாட்களை அக்கரையோர மக்கள் எளிதில் மறவார். டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையை ஒட்டிக் கரையைக் கடந்தது. படகுகள் உடைந்தன, வலைகள் போயின. 2017 ஜனவரி 28-ஆம் நாள் எண்ணூர்த் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியது. மீனை வாங்குவதற்கே மக்கள் அஞ்சினர். கட்டடத்தில் வேலை இல்லை என்று கடலுக்குத் திரும்பியவர்களுக்குக் கடலும் கைகொடுக்கவில்லை. அவ்வாண்டே ஆற்றுமணல் தட்டுப்பாடும் வந்து சேர, தொடங்கிய வீடுகள்கூடப் பாதியில் நின்றன.

நாம் செய்த முதற்காரியம் சிபாரிசுக் கடிதம் எழுதியது. பங்கு முத்திரையுடன், 'இவர் நல்லொழுக்கமுடையவர், கடவுள் பயமுள்ளவர்' என்று பலருக்கு எழுதிக் கொடுத்தோம். ஒன்றும் பலிக்கவில்லை. ஒப்பந்தக்காரர் ஒருவர் மட்டும் மரியாதைக்காக நம்மை அழைத்துப் பேசினார். அவருடைய பேச்சு ஒரு மாதத் தியானத்திற்கு ஈடு என்போம்.

"ஃபாதர், நல்லவரா என்று நான் கேட்பதில்லை. ஐம்பது பேரில் முப்பது பேரை நிறுத்த வேண்டும் என்று வரும்போது யாரை நிறுத்துவேன்? ஒரே வேலை மட்டும் தெரிந்தவரை முதலில் நிறுத்துவேன். பலகை அடைக்கவும் தெரியும், கம்பியும் கட்டுவார், வரைபடத்தைப் பார்த்து அளவு சொல்வார் என்றால் அவரைக் கடைசி வரை வைத்திருப்பேன். இன்னொன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் ஊர்க்காரர்கள் ஏரியில் இறால் பட ஆரம்பித்தால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறார்கள். கான்கிரீட் போடும் நாளில் பத்து ஆள் குறைந்தால் நான் என்ன செய்வேன்?"

இதைக் கேட்டு நமக்குச் சினமே எழுந்தது. கூலியைக் காலத்தில் கொடாதவர்களும் இவ்வாறு பேசுவதுண்டு. ஆனால் இவர் சொன்னது பொய்யன்று. மழைக்குப்பின் ஏரியில் இறால் படும் காலத்தில் நம் மக்கள் கட்டடத்தை மறந்துபோவர். அப்படி மறப்பதில் ஒரு மகிழ்ச்சியும் அவர்களுக்கு உண்டு. போவது தவறன்று. சொல்லிவிட்டுப் போவதும், தனக்குப் பதிலாக ஓர் ஆளை நிறுத்திவிட்டுப் போவதும் இயலாத காரியமல்லவே.

இதனை ஊரார் கூடியிருந்த ஒரு மாலையில் எடுத்துரைத்தபோது, முதியவர் ஒருவர் "அது பாடு மாதிரிதானே, சாமி" என்றார். பழவேற்காட்டு ஏரியில் பாடு என்றொரு பழைய முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் உரிமையுள்ள குடும்பத்தார் நல்ல மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். இன்று ஒருவருக்கு வளமான இடம் வாய்த்தால் அடுத்த முறை மற்றொருவருக்கு. முறையற்ற நாளில் வலையைத் தைப்பர். வேறு சிறு வலையுடன் வேறிடம் செல்வர். (உரிமை இல்லாத ஊர்களும் உண்டு, அதனால் எழுந்த பிணக்குகளும் உண்டு. அவற்றை இங்கே விரிக்கவில்லை.) பாடு இல்லாத நாள் வந்தே தீரும் என்று அறிந்து வாழ்ந்தவர்கள் இவர்கள். அதே மனிதர்கள் சனிக்கிழமைக் கூலியைக் கண்டவுடன் அது என்றும் வரும் என நம்பி, தவணைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கினர். படகை விற்கச் சொன்ன நாம் அவர்களைக் குறைகூற இயலாது.

முதியவர் சொல்லிலிருந்து ஒரு ஏற்பாடு பிறந்தது. பங்கு அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைத்தோம். வேலையிழந்தோரின் பெயர், தெரிந்த வேலைகள், எங்கெங்கு பணிசெய்தார் என்ற விவரம் ஆகியவற்றை எழுதினோம். ஒருவருக்கு மூன்று நாள் வேலை கிடைத்தால் அடுத்த அழைப்பு வரிசையில் உள்ள மற்றவருக்கு. இறாலுக்குச் செல்பவர் முதல்நாள் மாலையே பதிலாளைச் சொல்லிவிட வேண்டும். இந்துக்களும் இசுலாமியரும் அதில் பெயர் கொடுத்தனர். பசி எல்லார் வீட்டிலும் ஒன்றே. இரண்டு மாதம் நன்றாக நடந்தது. பிறகு கைத்திறன் மிக்கவர்கள், "எங்களைக் கேட்டு வரும் வேலையை ஏன் பிறருக்கு விடவேண்டும்?" என்றனர். அதுவும் நியாயமே. முறை குலைந்தது, பதிலாள் சொல்லும் வழக்கம் மட்டும் நின்றுவிட்டது. நாம் எண்ணியதில் கால்பங்கு மிஞ்சியது எனலாம்.

அப்பதிவேட்டில் ஒரு பெண்ணின் பெயரும் இல்லை என்பதை நமக்குச் சுட்டிக்காட்டியவர் ஒரு சித்தாள் அம்மாள். "கல்லும் மண்ணும் தூக்குறது நாங்க. ஆள் குறைக்கிறப்ப முதல்ல போறதும் நாங்க. சாமி நோட்டுல மட்டும் நாங்க இல்ல" என்றார். வெட்கினோம். இருபது ஆண்டு சாந்து சுமந்தாலும் கரண்டியைக் கையில் கொடுக்க மறுக்கும் வழக்கம் நம் நாட்டில் இன்றும் வலிதாகவே உள்ளது. அவர் பெயரையும் இன்னும் சில பெண்களின் பெயர்களையும் சேர்த்தோம். அவர்களுள் இருவர் பின்னாளில் பட்டி பார்க்கவும் வண்ணம் பூசவும் கற்றுக்கொண்டு, பெரியாட்களுக்குரிய கூலி பெற்றனர். மற்றவர்களுக்கு நாம் பயன்படவில்லை.

நமக்குப் புலப்பட்ட மற்றொரு செய்தி, நோட்டுப் புத்தகம் பற்றியது. வேலை செய்த நாள், இடம், யாரிடம், என்ன கூலி, எவ்வளவு நிலுவை என்பதை எழுதி, கூலி கொடுத்தவரிடம் கையெழுத்தும் வாங்குமாறு வற்புறுத்தினோம். பலரும் சிரித்தனர். ஆயினும் நல வாரியத்தில் பதிவுசெய்யும்போது இந்நோட்டு உதவிற்று. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994-இல் ஏற்பட்டது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் திரட்டப்படும் நிதியிலிருந்து பிள்ளைகளின் கல்விக்கும், திருமணத்திற்கும், விபத்துக்கும், முதுமைக்கும் உதவி கிடைக்கும். நம் பங்கில் அட்டை வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. காரணம் சோம்பல் அன்று. மீனவர் நல வாரியம் வேறு. ஒருவர் ஒரே வாரியத்தில்தான் இருக்க இயலும். கட்டடத் தொழிலாளி என்று எழுதிக்கொடுத்தால் மீனவர் என்ற நிலையை இழந்துவிடுவோமோ என்று அவர்கள் அஞ்சினர். வலைக்கும் கரண்டிக்கும் இடையே நின்றவனைப் பார்த்து, "நீ யார், ஒன்றைச் சொல்" என்று கேட்கிறது அலுவலக மேசை. நாம் யாருக்கும் இதைச் செய் என்று சொல்லவில்லை; ஒருமுறை சொல்லிப் பட்டது போதும். ஒவ்வொரு குடும்பமும் எத்தனை மாதம் எதில் பிழைக்கிறது என்று கணக்கிட்டுத் தானே முடிவுசெய்யட்டும் என்று விட்டுவிட்டோம்.

வருங்கால வைப்புநிதியிலும் இத்தகைய குழப்பமே. ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் கணக்கு எண்ணும் மாறியது. 2014-க்குப்பின் ஒருவருக்கு ஒரே எண் என்ற முறை வந்தும், பதிந்த கைப்பேசி எண் தொலைந்தமையால் பணம் எட்டாமலே கிடந்தது. நோட்டின் முதற்பக்கத்தில் அந்த எண்ணை எழுதச் சொன்னோம்.

இனி நம் சென்ட்ரிங் நண்பரிடம் திரும்புவோம். புயலுக்குப்பின் புதுக்கட்டடம் எங்கும் எழவில்லை. ஆனால் பழுதுவேலை இருந்தது. பறந்த கூரைத் தகடுகளை மாற்றவும் சுவரைச் சீராக்கவும் ஆள் தேடினர். அவரும் சென்றார். அங்கே ஒரு முதிய கொத்தனாரிடம், உப்பு அரித்த கான்கிரீட்டைச் சீராக்கும் வேலையைக் கற்றுக்கொண்டார். கடற்கரையோரம் வாழும் வாசகர்கள் இதனைத் தம் வீட்டுக் கூரையிலேயே காணலாம். காற்றின் உப்பும், உவர்நீர் கலந்து செய்த சாந்தின் உப்பும் உள்ளே ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. துரு இரும்பைவிடப் பன்மடங்கு பருப்பது. அது உள்ளிருந்து தள்ள, கான்கிரீட் வெடித்துப் பாளம் பாளமாக விழும். 2004-ஆம் ஆண்டுச் சுனாமிக்குப்பின் தமிழகக் கடற்கரையில் எழுந்த வீடுகள் பலவற்றிலும் இக்கேடு உண்டு.

பெரும்பாலோர் விழுந்த இடத்தில் மேலே பூசிவிட்டுப் போய்விடுவர். ஓரிரு மழைக்காலத்தில் அதுவும் விழும். முறையாகச் செய்பவர் முதலில் கூரைக்கு முட்டுக்கொடுப்பார். கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, மெலிந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி கட்டி, துருத்தடுப்புப் பூசி, அதன்பின்னரே உரிய கலவையை அடுக்கடுக்காக வைப்பார். முட்டுக்கொடுப்பதும் பலகை அடைப்பதும் நம் நண்பருக்குக் கைவந்த கலை. கம்பி கட்டுவதைப் பார்த்தே பழகியிருந்தார். பூச்சு மட்டும் புதிது. ஓராண்டில் தேர்ந்தார். நாடு தளர்ந்திருக்கும்போது புதுவீடு கட்டுவதைத் தள்ளிப்போடலாம். தலைமேல் விழும் கூரையைத் தள்ளிப்போட இயலாது. உப்புக்காற்று அவருக்கு ஓயாமல் வேலை தேடித் தந்தது. புதுப்படகு வாங்க இயலவில்லை. மைத்துனர் படகில் பாதிப் பங்கு வாங்கிக்கொண்டார்.

2020 மார்ச் 25-இல் நாடு முழுவதும் அடைக்கப்பட்டபோது எல்லாமே நின்றது. வாரியத்தில் பதிவுசெய்தோருக்கு அரசு 1,000 ரூபாய் அளித்தது. அட்டை புதுப்பிக்காதோர் கைபிசைந்து நின்றனர். வைப்புநிதியில் முன்பணம் பெறலாம் என்ற அறிவிப்பு வந்தபோது, நோட்டின் முதற்பக்கத்தைத் தேடிச் சென்றவர்களை நாம் கண்டோம். அன்று சிரித்தவர்களில் சிலரும் அவர்களுள் இருந்தனர். ஏப்ரலில் மீன்பிடிக்கத் தடை நீங்கியதும் நண்பர் மைத்துனருடன் ஏரிக்குச் சென்றார். மே மாதத்திலிருந்து வடமாநிலத் தொழிலாளர்கள் தனி இரயில்களில் ஊர் திரும்பினர். அவர்கள் பட்ட துயரை நாடறியும். அவர்கள் விட்டுச்சென்ற இடங்களுக்கு ஆள் தேடி, நான்காண்டுகளுக்கு முன் நம் கடிதத்தைப் படிக்காமலே திருப்பித் தந்த ஒருவர் தொலைபேசியில் நம்மை அழைத்தார். பிறர் துயரில் வந்த வேலை அது. அதைச் சொல்லியே ஆட்களை அனுப்பினோம்.

பின்னர் நாம் மாற்றலாகி வேறொரு கடலோரப் பங்கிற்கு வந்தோம். சென்ற ஆண்டு இப்பங்கு இல்லத்துத் தாழ்வாரக் கூரையிலிருந்து ஒரு பாளம் விழுந்தது; நல்லவேளையாகக் கீழே ஒருவரும் இல்லை. நண்பரை அழைத்தோம். மூத்த மகன் கைப்பெட்டியைத் தூக்கிவர, வந்து கூரை முழுவதும் சுத்தியலால் தட்டித் தட்டி ஒலி கேட்டார். பிறகு கம்பி எத்தனை கிலோ, கலவை எத்தனை மூட்டை, ஆள்கூலி எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதி நீட்டினார். பங்கின் நிலையைச் சொல்லிக் கொஞ்சம் குறைக்கக் கேட்டோம்.

"குறைக்கலாம், சாமி. ஆனா துருவச் சுரண்டுறதுலதான் குறைக்கணும்" என்றார்.

முழுத்தொகையையும் கொடுத்தோம். வாங்கி எண்ணிப் பார்த்து, நோட்டில் தேதியுடன் எழுதி, நம்மிடமும் ஒரு கையெழுத்தை வாங்கிக்கொண்டார். மகன் கேரியரைக் கழுவி எடுத்துவர, மாலைப் பேருந்துக்குப் புறப்பட்டனர்.